ராபர்ட் ஸ்மால்ஸ்: கப்பலுக்குப் பிறகு என்ன ஆனார்?

கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகள். அடிமையாக இருந்தபோது படைக் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பிய ராபர்ட் ஸ்மால்ஸ், பிறகு அமெரிக்க காங்கிரசுக்குப் போய் என்ன செய்தார் என்பது ஒன்று. லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றவர் என்கிறார்களே, அது உண்மையா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்குச் சுருக்கமான விடை: ஆமாம், 1877-ல் தண்டனை விதிக்கப்பட்டது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்லத்தான் மிச்சப் பதில் முழுவதும் தேவைப்படுகிறது.

கப்பல் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய அரசியல் மூலதனம் முழுக்க அந்த ஒரு இரவில் சேர்ந்ததுதான்.

1839 ஏப்ரல் 5 அன்று தென் கரோலினாவின் பியூஃபர்ட்டில் பிறந்தார். (வட கரோலினாவிலும் இதே எழுத்தில் ஓர் ஊர் உண்டு, அதை போஃபர்ட் என்பார்கள்.) பிரின்ஸ் தெருவில் மெக்கீ குடும்பத்து வீடு. தாய் லிடியா அந்த வீட்டு அடிமை. பின்கட்டுக் குடிசையில் பிள்ளை பிறந்தது. 12 வயதில் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். ஓட்டலில் பரிமாறுவது, தெருவிளக்கு ஏற்றுவது, துறைமுகத்தில் மூட்டை தூக்குவது என்று ஆரம்பித்து, பாய்மர வேலை கற்று, கடைசியில் சுக்கான் பிடிக்கும் இடத்துக்கு வந்தார். உழைப்பவர் இவர், கூலி ஆண்டைக்கு. பின்னாளில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: மாதம் 15 டாலர் ஆண்டைக்குக் கட்டிவிட வேண்டும், மிச்சம் தனக்கு. ஹன்னாவை மணந்து மகள் பிறந்த பிறகு, இருவரையும் அவர்களுடைய உடைமைக்காரரிடமிருந்து விலைக்கு வாங்க 800 டாலர் பேசினார். சொந்த மனைவியையும் பிள்ளையையும் வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது உள்நாட்டுப் போர் வந்தது.

பிளாண்டர் என்பது பருத்தி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் படை அதை எடுத்து பீரங்கி பொருத்தி, சார்ல்ஸ்டன் துறைமுகக் கோட்டைகளுக்குத் தளவாடம் சுமக்க வைத்திருந்தது. ஸ்மால்ஸ் அதன் சுக்கானி. வேலை முழுக்க பைலட்டின் வேலைதான், ஆனால் கறுப்பினத்தவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்க மாட்டார்கள். 1862 மே 12 இரவு, கேப்டனும் மற்ற இரண்டு வெள்ளை அதிகாரிகளும் விதியை மீறிக் கரையில் தூங்கப் போய்விட்டார்கள். விடிவதற்கு முன்பே ஸ்மால்ஸ் கொதிகலனை மூட்டச் சொன்னார். வேறொரு துறையில் ஒளிந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவர் நிற்பதுபோலவே சாய்ந்து நின்று, ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் அதற்குரிய சங்கை ஊதினார். சம்ட்டர் கோட்டையைத் தாண்டும்போது மணி நாலரை. பீரங்கி எட்டாத தூரம் போனதும் கொடியை இறக்கிவிட்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். முற்றுகையில் நின்ற வடக்குக் கப்பலான ஆன்வர்ட் சுடுவதற்குத் தயாராகியிருந்தது, கடைசி நேரத்தில்தான் அந்த விரிப்பைக் கவனித்தார்கள். கப்பலில் மொத்தம் 16 பேர்.

வடக்குக் கடற்படைக்குக் கப்பலைவிடப் பெரிய பரிசு ஸ்மால்ஸின் தலைக்குள் இருந்த விவரம். எந்தக் காவலரண் காலியாகிவிட்டது, கண்ணிவெடிகள் எங்கே, ஆழம் எவ்வளவு என்று எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொன்னதை வைத்து ஒரு வாரத்தில் ஸ்டோனோ கழிமுகம் வடக்கின் கைக்கு வந்தது. கப்பலின் மதிப்பில் பாதியை மாலுமிகளுக்குக் கொடுக்க காங்கிரஸ் சட்டம் போட்டது, அதில் ஸ்மால்ஸுக்குக் கிடைத்தது 1,500 டாலர். கப்பலை மிகக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்ற வாதம் அதற்கப்புறம் 38 ஆண்டு இழுத்தது. அது பிறகு வரும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு போதகருடன் வாஷிங்டனுக்குப் போய் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனைப் பார்த்தார். கடலோரத் தீவுகளில் 5,000 கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கலாம் என்ற உத்தரவோடு திரும்பினார். 1863 ஏப்ரலில் சார்ல்ஸ்டனைத் தாக்கிய கியோகக் என்ற இரும்புக் கவசக் கப்பலை ஓட்டியவர் இவர். அது ஏறத்தாழ 90 குண்டுகள் வாங்கி மறுநாள் காலை மூழ்கியது. அந்த ஆண்டுக் கடைசியில் பிளாண்டர் மீண்டும் கடும் குண்டுமழையில் மாட்டியபோது, அதன் வெள்ளைக் கேப்டன் சரணடையப் பார்த்தார். அப்புறம் போய்க் கரிக்கிடங்கில் ஒளிந்துகொண்டார். அவர் சரணடைந்திருந்தால் போர்க்கைதி, அவ்வளவுதான். ஸ்மால்ஸுக்கும் மற்றக் கறுப்பின மாலுமிகளுக்கும் அந்தக் கதி கிடைத்திருக்காது. ஸ்மால்ஸே கப்பலை வெளியே கொண்டுவந்தார், கேப்டன் பதவியும் வந்தது.

1864-ல் பிளாண்டர் பழுதுபார்க்க பிலடெல்பியா போய் மாதக்கணக்கில் நின்றது. 25 வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர், அங்கே ஆசிரியர் வைத்துப் படித்தார். அதே ஊரில் ஒருநாள் டிராம் வண்டியில் உள்ளே உட்காராதே, வெளிப்படிக்கட்டில் நில் என்று நடத்துநர் சொல்ல, இறங்கி நடந்தே போனார். போர் வீரனை வண்டியை விட்டு இறக்கிய செய்தி பெரிய சர்ச்சையாகி, அங்கே நடந்துகொண்டிருந்த டிராம் போராட்டத்துக்கு வலு சேர்த்தது. 1867-ல் பென்சில்வேனியா சட்டம் போட்டு அந்தப் பாகுபாட்டை நீக்கியது. வடக்கு என்றால் சொர்க்கம் என்று அவர் ஒருபோதும் நினைக்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி அரசியல். அதற்குள் போகும்முன் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போரின்போது வடக்கு அரசு ஒரு நேரடி வரி போட்டது. பியூஃபர்ட்டை விட்டு ஓடிய வெள்ளை உடைமையாளர்கள் அதைக் கட்டவில்லை. நிலங்களும் வீடுகளும் வரிப் பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தன. பிரின்ஸ் தெரு மெக்கீ வீட்டை, அதன் பின்கட்டில் பிறந்த ஸ்மால்ஸ் ஏலத்தில் எடுத்தார். போர் முடிந்ததும் வீட்டுக்கு உரிமை கொண்டாடி டி ட்ரவில் என்பவர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம்வரை போன அந்த வழக்கில் 1878-ல் ஸ்மால்ஸ் ஜெயித்தார். ஒரு வீட்டுத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வட்டாரத்தில் அதே வரி ஏலத்தில் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று வாங்கியிருந்த முன்னாள் அடிமைகளின் பட்டா முழுவதும் அந்தத் தீர்ப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூளை கலங்கிய வயதான மெக்கீ அம்மாள் தன் வீடு என்று நினைத்து வந்து நின்றபோது, ஸ்மால்ஸ் அவரை உள்ளே அழைத்துப் பழைய அறையையே கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. குடும்பத்தார் சொல்லிவந்த கதை, ஆவணம் கேட்டால் கிடைக்காது.

நிலம் கையில் இருந்த வாக்காளர்கள் என்பதுதான் பியூஃபர்ட்டின் தனித்தன்மை. வேறு ஊர்களில் கறுப்பின வாக்காளரைக் குடியிருப்பை விட்டு விரட்டிவிடுவேன் என்று மிரட்டலாம். இங்கே அவ்வளவு எளிதில் முடியாது. ஸ்மால்ஸ் அவர்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசினார். கல்லா என்று அந்தக் கடலோர மக்களின் பேச்சுக்குப் பெயர். நம் கல்லாப்பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படித்த வெள்ளைப் பத்திரிகைகள் அந்தப் பேச்சைக் கேலி செய்தன. கேலி செய்தவர்கள் அவருடைய ஊரில் அவரைத் தோற்கடிக்கத் திணறினார்கள்.

1868-ல் தென் கரோலினாவுக்குப் புதிய அரசியலமைப்பு எழுத சார்ல்ஸ்டனில் மாநாடு கூடியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1870 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் கறுப்பினத்தவர் 4 லட்சத்துக்கும் மேல், வெள்ளையர் 3 லட்சத்துக்கும் குறைவு என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இது ஆச்சரியமில்லை. அங்கே ஸ்மால்ஸ் கொண்டுவந்த தீர்மானம்: எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமான, கட்டாயமான பொதுப் பள்ளி. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் தண்டனை என்று சட்டம் வைத்திருந்த மாநிலம் அது. நாலு வருடம் முன்புதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஆள் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். என்னைக் கேட்டால், கப்பலைவிட இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கப்பலில் 16 பேர் தப்பினார்கள். பொதுப்பள்ளி மாநிலம் முழுவதற்குமானது, ஏழை வெள்ளையர் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

அதன்பிறகு மாநில சட்டமன்றம், மாநில செனட், 1875 மார்ச் முதல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை. காங்கிரசில் அவர் பெரிய சட்டம் எதையும் நிறைவேற்றிவிடவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1876-ல் ராணுவத்தில் ஆள் சேர்ப்பதிலும் பிரிவுகளில் அமர்த்துவதிலும் நிறம் பார்க்கக்கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார், சபை கண்டுகொள்ளவில்லை. போர்ட் ராயல் துறைமுகத்தில் கடற்படை நிலையம் வேண்டும் என்று விடாமல் கேட்டார். அந்த வட்டாரத்தில் பின்னால் வளர்ந்ததுதான் இன்றைய பாரிஸ் தீவு மரைன் பயிற்சி முகாம்.

அதே 1876 ஜூலையில் தென் கரோலினாவின் ஹாம்பர்க் என்ற சிற்றூரில் கறுப்பினக் காவல்படையை வெள்ளைக் கும்பல் முற்றுகையிட்டது. பிடிபட்டவர்களில் சிலரைப் பெயர் சொல்லி அழைத்துச் சுட்டுக் கொன்றார்கள். ஸ்மால்ஸ் சபையில் எழுந்து, சம்பவத்தைப் பற்றி ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தார், போருக்குப் பிறகு தெற்கில் நிறுத்தியிருந்த கூட்டாட்சிப் படைகளைத் திரும்பப் பெறாதீர்கள் என்றார். நியூயார்க் உறுப்பினர் சாமுவேல் காக்ஸ், கடிதம் எழுதியவர் பெயரைச் சொல் என்று மடக்கினார். இன்னொரு நீக்ரோ கொல்லப்படுவதற்காக அந்தப் பெயர் வேண்டுமென்றால் என்னிடமிருந்து கிடைக்காது என்ற பொருளில் ஸ்மால்ஸ் பதில் சொன்னார். காக்ஸ் விடவில்லை. ஸ்மால்ஸின் கட்சியான குடியரசுக் கட்சி தென் கரோலினாவில் நடத்திய அரசு ஊழல் அரசு என்று ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நியூயார்க் நகரத்தைப் பற்றிய புத்தகமும் கையில் இருக்கிறதா என்று ஸ்மால்ஸ் கேட்க, சபை சிரித்தது. ட்வீட் கும்பல் நியூயார்க் நகரக் கருவூலத்தைச் சுரண்டிய கதை அப்போது ஊரறிந்த விஷயம்.

அந்தத் தேர்தல் ஆண்டில் செஞ்சட்டைக்காரர்கள் என்ற வெள்ளைக் குதிரைப்படைக் கும்பல்கள் கூட்டங்களில் துப்பாக்கியோடு வந்து நின்றன. (செஞ்சட்டை என்றதும் நம் ஊர்ப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் அதற்கு நேர் எதிர்முனை.) 1877-ல் அதிபர் ஹேய்ஸ் படைகளை விலக்கினார், வேட் ஹாம்ப்டன் தலைமையில் ஜனநாயகக் கட்சியின் பழைய ஆட்கள் மாநில ஆட்சியைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு, முந்தைய ஆட்சியின் ஊழலை விசாரிக்கக் குழு போட்டார்கள்.

வழக்கு இங்கேதான் வருகிறது. ஸ்மால்ஸ் மாநில செனட்டில் அச்சுக் குழுவில் இருந்தவர். அரசு அச்சு வேலை ஒப்பந்தத்தில் ஜோசிபஸ் உட்ரஃப் என்ற செனட் எழுத்தரின் அச்சகத்துக்குச் சாதகமாக நடந்துகொள்ள 5,000 டாலர் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. முக்கியச் சாட்சி அந்த உட்ரஃப்பேதான். ஊழலின் நடுநாயகமாக இருந்து, மாநிலத்தை விட்டு ஓடிப்போய், தன்னைத் தண்டிக்கமாட்டோம் என்ற உறுதியின் பேரில் சாட்சி சொல்லத் திரும்பியவர். ஆனால் அவர் வாய்ச்சொல் மட்டுமல்ல. 1873 ஜனவரியில் ஸ்மால்ஸின் வங்கிக் கணக்கில் அதே 5,000 டாலர் வரவாகியிருந்ததையும் அரசுத் தரப்பு காட்டியது. நவம்பரில் கடின வேலையோடு மூன்று ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு. சில நாள் உள்ளே இருந்துவிட்டுப் பிணையில் வந்து மேல்முறையீடு செய்தார்.

குற்றமே செய்யாதவர் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அந்தக் காலத்துத் தென் கரோலினா சட்டமன்றத்தில் பணம் புரண்டது உண்மை, இரண்டு நிறத்தவரும் வாங்கினார்கள், இரண்டு நிறத்தவரும் கொடுத்தார்கள். தொகையும் காலமும் பொருந்துவதைத் தற்செயல் என்று சொல்வதும் கஷ்டம். ஆனால் முடிவைப் பாருங்கள். 1879-ல் ஆளுநர் சிம்ப்சன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். மாற்றாக, தேர்தல் முறைகேட்டுக்காக வெள்ளை ஜனநாயகக் கட்சியினர்மீது கூட்டாட்சி அரசு போட்டிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. பண்டமாற்று. ஊழலை ஒழிப்பதுதான் நோக்கம் என்றால் இப்படிப் பேரம் பேசியிருக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு முத்திரை, அது கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலிலும் தண்டனைக் கைதி என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

1878-ல் தோற்றார். 1880-லும் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். எதிராளி இரண்டு முறையும் ஜார்ஜ் டில்மன். 1880 முடிவை எதிர்த்து முறையிட்டு, சபை விசாரித்து, 1882 ஜூலையில்தான் இடம் கிடைத்தது. அந்தப் பதவிக்காலத்தில் எஞ்சியிருந்தது ஏழு மாதமும் சொச்சமும். 1884-ல் ஓர் உறுப்பினர் இறந்த இடத்துக்கு வந்தார், அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். 1886-ல் வில்லியம் எலியட்டிடம் தோற்றார், முறையிட்டும் பலிக்கவில்லை. 1887 மார்ச்சோடு அவருடைய காங்கிரஸ் வாழ்க்கை முடிந்தது.

கறுப்பின வாக்காளர் பெரும்பான்மையாக இருந்த தொகுதியில் எப்படித் தோற்றார்? துப்பாக்கியால் ஆனதைவிட, 1882-ல் வந்த எட்டுப் பெட்டிச் சட்டத்தால் ஆனது அதிகம். அதுவரை கட்சிகள் அச்சடித்துக் கொடுத்த ஒரே சீட்டை ஒரே பெட்டியில் போட்டுவிடலாம். புதுச் சட்டப்படி ஒவ்வொரு பதவிக்கும் தனிப் பெட்டி, தனிச் சீட்டு. பெட்டி மாறிப் போட்டால் செல்லாது. பெட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவர் இன்ன வரிசையில் போடு என்று சொல்லிக்கொடுத்தால், நடுவில் பெட்டிகளை இடம் மாற்றிவிடுவார்கள். எழுத்தறிவுத் தேர்வு என்று சட்டத்தில் ஓரிடத்திலும் இருக்காது, ஆனால் அது வேறெதுவும் இல்லை. 1868-ல் ஸ்மால்ஸ் ஏன் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது இந்தச் சட்டம் வந்த பிறகு இன்னும் தெளிவாகப் புரிகிறது. இதோடு, கறுப்பின வாக்காளர்கள் அதிகம் வசித்த இடங்களையெல்லாம் சேர்த்து ஏழாவது தொகுதி என்று பாம்புபோல வளைத்து வரைந்தார்கள். அந்த ஒன்றை விட்டுக்கொடுத்து மற்ற ஆறையும் பத்திரப்படுத்திக்கொள்வது கணக்கு. பிறகு அந்த ஒன்றையும் பறித்துக்கொண்டார்கள்.

பதவி போன பிறகு அதிபர் ஹாரிசன் 1889-ல் அவரைப் பியூஃபர்ட் துறைமுகச் சுங்க அதிகாரியாக நியமித்தார். இடையில் சில ஆண்டு விட்டு, 1913-ல் உட்ரோ வில்சன் ஆட்சி வரும்வரை அந்த வேலைதான். பிளாண்டரின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்ற பழைய வாதமும் நடந்துகொண்டே இருந்தது. 1900-ல் காங்கிரஸ் இறங்கிவந்து கொடுத்த தொகை 5,000 டாலர். லஞ்சம் என்று சொல்லப்பட்டதும் 5,000, கப்பலுக்கு வந்த பாக்கியும் 5,000. இதில் எந்த உட்பொருளும் இல்லை, எண்கள் சில சமயம் இப்படி விளையாடும்.

கடைசியாக 1895. தேர்தலில் எதிராளியாக இருந்த ஜார்ஜ் டில்மனின் தம்பி பென் டில்மன், 1876-ல் ஹாம்பர்க் கும்பலில் தானும் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர், கொலம்பியா நகரில் அரசியலமைப்பு மாநாட்டைக் கூட்டினார். 1868 அரசியலமைப்பைத் தூக்கியெறிந்து, கறுப்பினத்தவர் வாக்குரிமையைச் சட்டப்படியே பறிப்பது நோக்கம், அதை அவர் மறைக்கவும் இல்லை. 160 உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் ஆறு பேர், அதில் ஸ்மால்ஸ் உட்பட ஐந்து பேர் பியூஃபர்ட்டிலிருந்து வந்தவர்கள். நிலம் வைத்திருந்த வாக்காளர்கள் என்று சொன்னேனே, அதன் பலன். டில்மன் அங்கே பழைய லஞ்ச வழக்கைக் கிளறினார். ஸ்மால்ஸ் எழுந்து பதில் சொன்னார். என் இனத்துக்குத் தனி வக்காலத்துத் தேவையில்லை, கடந்தகால வரலாறே அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர் என்று காட்டுகிறது, வாழ்க்கைப் போரில் சம வாய்ப்பு மட்டும் கொடுங்கள் என்று அவர் பேசியது அந்த மாநாட்டில்தான்.

அவர் பேச்சைவிட எனக்குப் பிடித்தது அவர் போட்ட ஒரு திருத்தம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வதைத் தடுக்கும் பிரிவு விவாதத்துக்கு வந்தது. சரி, அப்படியானால் கறுப்பினப் பெண்ணோடு உறவு வைத்திருக்கும் வெள்ளையர் எவரும் அரசுப் பதவி வகிக்கக்கூடாது என்றும், அந்த உறவில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் பெயரும் சொத்தும் சேர வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். தன் தகப்பன் ஒரு வெள்ளையர் என்பது ஊருக்குத் தெரியும், ஆனால் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் பிறந்தவர் அவர். சபை நெளிந்தது. திருத்தம் தோற்றது.

எழுத்தறிவுச் சோதனை, அரசியலமைப்பைப் படித்துக் காட்டியோ விளக்கியோ அதிகாரிக்குத் திருப்தி வரச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை, தலைவரி, 300 டாலர் சொத்து என்று எல்லாமும் நிறைவேறின. கையெழுத்துப் போடும் நேரத்தில் ஸ்மால்ஸ் மறுத்தார். கையெழுத்துப் போடாதவர்களுக்கு ஊர் திரும்பும் பயணப்படி கிடைக்காது என்று சொல்லப்பட்டது. இதில் கையெழுத்துப் போடுவதைவிட வீட்டுக்கு நடந்தே போகிறேன் என்றார். கொலம்பியாவிலிருந்து பியூஃபர்ட் நூறு மைலுக்கு மேல்.

1915 பிப்ரவரியில், 75 வயதில், பிரின்ஸ் தெரு வீட்டிலேயே இறந்தார். 2023-ல் அமெரிக்கக் கடற்படை, தெற்குப் படை வென்ற ஒரு போரின் பெயரைத் தாங்கியிருந்த சான்ஸலர்ஸ்வில் என்ற போர்க்கப்பலுக்கு ராபர்ட் ஸ்மால்ஸ் என்று பெயர் மாற்றியது. 1895 அரசியலமைப்போ, எத்தனையோ திருத்தங்களோடு, தென் கரோலினாவில் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதில் அவர் கையெழுத்து இல்லை.